மூன்று நாற்காலிகள், ஒரே மனிதர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற சாலையில், இரண்டு பக்கமும் மதில் மதிலாக வந்துகொண்டே இருக்கிறது. மதிலுக்குப் பின்னால் காரோ, லாரியோ, டயரோ, ஏதாவது ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். இங்கே கடைசி வார்த்தை யாருடையது? இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் கார் வெளியே வந்தபோது அதன் மூலம் கொரியாவில் இருந்தது. ஒரகடத்து லாரிக்கு ஜெர்மனி. மானேஜருக்கு மேல் மானேஜர், அவருக்கும் மேல் ஒருவர் என்று ஏணியில் ஏறிப் போனால், அது கடலைத் தாண்டிவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிற ஏணி அது.

இங்கிருந்து வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கே கிளம்புகிற ராக்கெட்டின் ஏணி எங்கே போய் முடிகிறது? பங்களூரில், ஒரே மனிதரிடம். அவருக்கு மேலே பிரதம மந்திரி. உதவிக்கு ஒரு ராஜாங்க மந்திரி உண்டே தவிர, விண்வெளிக்கென்று தனியாக ஒரு காபினெட் மந்திரி கிடையாது.

அந்த மனிதர் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார். கொள்கை வகுக்கிற விண்வெளிக் கமிஷனுக்கு அவர்தான் தலைவர். சர்க்கார் பணத்தை வாங்கிக் கொடுக்கிற விண்வெளித் துறைக்கு அவர்தான் செயலாளர். வேலையைச் செய்கிற இஸ்ரோவுக்கும் அவரே தலைவர். நம் ஊர்க் கோவிலில் தர்மகர்த்தாவே கணக்குப்பிள்ளையாகவும் குருக்களாகவும் இருந்தால் ஊர் சும்மா விடுமா? கமிஷனில் மற்ற அங்கத்தினர்கள் இருக்கிறார்கள், நிதிக்கென்றே ஒருவர் இருக்கிறார் என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனாலும் விசித்திரமான ஏற்பாடுதான்.

இது எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. 1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கென்று ஒரு கமிட்டி, அணுசக்தித் துறையின் நிழலில் பிறந்தது. 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போயிற்று. ராக்கெட் அமெரிக்காவுடையது, கடற்கரை மட்டும் நம்முடையது. 1969 ஆகஸ்டு 15-ல் இஸ்ரோ என்று பெயர் வந்தது. அணுசக்தி, விண்வெளி இரண்டையும் விக்ரம் சாராபாய் ஒருவரே சுமந்தார். 1971 டிசம்பர் 30-ந் தேதி கோவளத்தில் அவர் காலமானார். ஒரு தலையில் இரண்டு பாரம் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். 1972-ல் சர்க்கார் விண்வெளியைத் தனியே பிரித்துக் கமிஷனையும் துறையையும் ஏற்படுத்தியது.

சதீஷ் தவானை இந்திரா காந்தி அழைத்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். இரண்டு நிபந்தனை போட்டார்: பங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டர் வேலையை விடமாட்டேன், தலைமைக் காரியாலயம் பங்களூரில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதம் கிடைத்தது. டில்லியிலிருந்து அந்தத் தூரம் எவ்வளவு நன்மை செய்திருக்கிறது என்பதை, ஒரு சர்க்கார் பைலுக்காக அலைந்தவர்கள் சொல்லாமலே அறிவார்கள்.

வேலை எப்படி நடக்கிறது? விகாஸ் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் பிரான்சோடு ஓர் ஒப்பந்தம். நம் எஞ்சினீயர்கள் அங்கே போய் உழைப்பைக் கொடுத்து, வைக்கிங் எஞ்சினின் நுட்பத்தைக் கூலியாக வாங்கி வந்தார்கள். வடிவமைப்புக்கு வலியமலை, பாகங்கள் செய்யப் பம்பாயிலும் ஹைதராபாத்திலும் தனியார் பட்டறைகள், சோதித்துப் பார்க்க நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரி, கடைசியில் ஸ்ரீஹரிகோட்டா. திட்டத்துக்கென்று நியமிக்கப்பட்ட டைரக்டர் இத்தனை நிலையங்களிலிருந்தும் ஆளையும் பொருளையும் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித் தலைவர் இருக்கிறார். அவர்களுக்குள் இழுபறி வந்தால் தீர்க்க உச்சியில் ஒருவர் வேண்டும். மூன்று நாற்காலிகளின் நியாயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு நியாயமும் உண்டு. 1979 ஆகஸ்டு 10-ல் எஸ்.எல்.வி.-3 வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட டைரக்டர் அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்று பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டவர் தவான். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் ஜெயித்தபோது, போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். கலாமே இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். அதிகாரம் பத்துப் பேரிடம் சிதறிக் கிடந்தால், பழியை இப்படி ஒருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் அதே நாற்காலி கடையும் வைத்தது. 1992-ல் ஏற்பட்ட ஆன்ட்ரிக்ஸ் என்கிற வியாபாரக் கம்பெனி 2005-ல் தேவாஸ் என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. 2011-ல் சர்க்கார் அதை ரத்து செய்தது. வழக்கு வெளிநாட்டுக் கோர்ட்டுகள் வரை போயிற்று. ஒப்பந்தம் ஆன காலத்தில் துறைச் செயலாளரே ஆன்ட்ரிக்ஸுக்கும் தலைவர். விற்கிறவரும் மேற்பார்வை பார்க்கிறவரும் ஒருவர் என்றால், தவறு நடக்கும்போது கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

சமீப வருஷங்களில் நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். 2019-ல் வியாபாரத்துக்கு நியூஸ்பேஸ் இந்தியா என்ற கம்பெனி. 2020-ல் தனியாருக்கு அனுமதி கொடுக்க இன்ஸ்பேஸ் என்ற அமைப்பு, அதற்கு வேறொரு தலைவர். 2023-ன் விண்வெளிக் கொள்கை இஸ்ரோவை ஆராய்ச்சியில் கவனம் செலுத்தச் சொல்கிறது. 2024 மே 30-ல் சென்னை அக்னிகுல் இளைஞர்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து ஒரு சிறு ராக்கெட்டைக் கிளப்பினார்கள். ஆனால் இன்ஸ்பேஸும் விண்வெளித் துறையின் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. கொள்கையும் கொள்கைதானே தவிர, பார்லிமெண்டு செய்த சட்டம் அல்ல.

ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் வல்லம் வடகாலில், விமான, விண்வெளித் தொழிலுக்கென்றே சிப்காட் ஒரு பேட்டை போட்டிருக்கிறது. அங்கே லேத் வைக்கிறவருக்கு நாற்காலிக் கணக்கெல்லாம் வேண்டாம், ஆர்டர் வேண்டும். கார்க் கம்பெனி ஒரே பாகத்தை லட்சக் கணக்கில் கேட்கும். ராக்கெட்டோ வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இந்த வருஷம் நாலு பாகம் கேட்டவர்கள் அடுத்த வருஷமும் கேட்பார்களா என்பதை அவருக்கு யார் சொல்வது? இதுநாள் வரை பங்களூரில் ஒருவர் சொன்னால் போதும். இனிமேல் அவர் மூன்று, நாலு வாசல்களில் விசாரிக்க வேண்டியிருக்கும். அதுவரை லேத்தில் கார்ப் பாகம் ஓடிக்கொண்டிருக்கும்.