இடாப்பில் பெயர் இருக்கிறதா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

அண்மையில் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. வாக்குப்பெட்டி, விரலுக்கு மை, எண்ணும்போது முகவர்கள் என்று எல்லாம் முறைப்படி. பிள்ளைகள் வரிசையில் நின்ற ஒழுங்கைப் பார்க்க சந்தோசமாக இருந்தது. எல்லாம் முடிந்து மேசைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தரம் 10 பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், பாராளுமன்றத்துக்கு ஆளை நாங்க தெரிவு செஞ்சம். எங்கட வகுப்பு வட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினை ஆரு சேர் தெரிவு செஞ்ச?"

அட்மின் நான்தான். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஏனென்றால் நமது ஊர்க் குழுவுக்கும் நான் ஒரு அட்மின். சில மாதங்களுக்கு முன் தம்பி ஒருவர் அதில் ஒரு சேகரிப்புப் பணத்தின் கணக்கைக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "ஊருக்குள் பிரச்சினை வேண்டாம்" என்று அவரைக் குழுவிலிருந்து நீக்கினோம். நீக்கிய விரல் என்னுடையது.

வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் இதை என்னால் சும்மா விட முடியவில்லை. நமது நாட்டில் சாதாரண மனிதனின் வாக்கும் கேள்வியும் எங்கே தொடங்கின, எப்படிக் கை நழுவின என்று பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அதில் ஒரு பங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1911ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டுதான் சட்டநிரூபண சபைக்கு "படித்த இலங்கையர்" என்று ஒரு ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். முழுத் தீவுக்குமான அந்த ஆசனத்துக்கு வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் 3,000 பேர் கூட இல்லை. வயல் வெட்டியவருக்கும் வலை இழுத்தவருக்கும் அதில் பங்கில்லை. பெண்களுக்கு அறவே இல்லை.

அதே 1911இல்தான் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டமும் வந்தது. அதற்கு முன்பே, 1906இல், கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பள்ளத்தாக்கில் மெனிக்ஹின்ன பகுதியில் முதலாவது கடன் சங்கம் தொடங்கியிருந்தது. வட்டிக்காரரிடம் காணியை இழந்துகொண்டிருந்த கிராமத்தவர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, தமக்குள் கடன் கொடுத்து, தாமே ஒரு குழுவைத் தெரிவுசெய்யும் ஏற்பாடு அது. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 தொழிலாளிகள் ஒரு சிறு கடை திறந்தபோது வகுத்த விதி அது. அங்கும் அப்போது பெரும்பாலான தொழிலாளிக்குப் பாராளுமன்ற வாக்கு கிடையாது. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளுக்கு நம்ப முடிவதில்லை. அரசியலில் வாக்கு வருவதற்கு முன்னரே கடையிலும் கடன் சங்கத்திலும் ஏழைக்கு வாக்கு வந்துவிட்டது!

பிறகு 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தது. அப்போது சனத்தொகையில் ஏறக்குறைய 4 வீதமானோருக்கே வாக்கிருந்தது. படித்த தலைவர்களில் பெரும்பாலானோர் எல்லோருக்கும் வாக்குக் கொடுப்பதை விரும்பவில்லை. படிப்பறிவில்லாதவன் எப்படி வாக்களிப்பான் என்பது அவர்கள் வாதம். ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தினர்தான் உறுதியாகக் கேட்டார்கள். பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் 1927இலேயே அமைந்து ஆணைக்குழு முன் சாட்சியம் சொன்னது. ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது என்று பரிந்துரைத்தது. கடைசியில் இருபாலாருக்கும் 21 என்று வந்தது. சட்டநிரூபண சபையில் இந்த யாப்பு நிறைவேறியது 19க்கு 17 என்ற கணக்கில். இரண்டே வாக்கு!

நம்மவர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முஸ்லிம் தலைவர்களும் இந்த மாற்றத்தைப் பார்த்துப் பயந்தார்கள். அதுவரை இனவாரியாக முஸ்லிம்களுக்கு மூன்று ஆசனங்கள் இருந்தன. அவை இல்லாமல் போயின. பயம் வீணானதும் அல்ல. 1931இல் தெரிவான ஒரே முஸ்லிம் எச்.எம். மாக்கான் மாக்கார். அவரும் காலியின் இரத்தினக்கல் வியாபாரக் குடும்பத்தவர், தெரிவானதோ நமது மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில். அமைச்சராகவும் இருந்தார். 1936இல் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ரி.பி. ஜாயாவும் ராசிக் பரீத்தும் நியமன உறுப்பினர்களாகத்தான் போனார்கள். ஆக, எல்லோருக்கும் வாக்கு என்பது எல்லோருக்கும் நியாயம் என்று தானாக ஆகிவிடாது. ஆனால் அந்த வாக்கு வந்திராவிட்டால், பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நமது ஊர்களுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவனிடம்தான் பாலம் கேட்கலாம்.

வாக்கைக் கொடுத்தவர்கள் அதைத் திருப்பி எடுக்கும்போது துப்பாக்கி தூக்கவில்லை, இடாப்பில் கை வைத்தார்கள். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் தமது கட்சியின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் இல்லை. தேயிலை அதே தேயிலை, லயன் அதே லயன். பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. எஞ்சியவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் செய்ய வேண்டியிருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நமது சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள். வீடு, காணி, நகைக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்வது வாக்காளர் பதிவைத்தான். புத்தளத்திலா, மன்னாரிலா என்று எத்தனை வருடம் அலைந்தார்கள்!

இடாப்பில் பெயர் இருந்தும் தேர்தல் நடக்காமல் போகலாம். 1982 டிசம்பர் 22இல் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு. விளக்குச் சின்னத்துக்குப் போட்டால் பாராளுமன்றத்துக்கு இன்னும் ஆறு வருடம், குடத்துக்குப் போட்டால் வேண்டாம். விளக்கு வென்றது. தேர்தலைத் தள்ளிப்போடவும் வாக்குப் பெட்டியையே பாவித்தார்கள். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் சொன்னது. 2025 மே மாதம்தான் வாக்களித்தோம். நமது கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012இல். எனது தரம் 10 பிள்ளைகள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, மீண்டும் சங்கக் கடைக்கு வருவோம். உண்மையில் நான் எழுத வந்தது இதைத்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. 1942 முதல் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் முளைத்தன. கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்ற கதையை நமது மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருப்போம். 1957இல் பிலிப் குணவர்தன அமைச்சராக இருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நெல் வாங்குவது, கடன் கொடுப்பது, உரம் விற்பது எல்லாம் ஒரு கூரையின் கீழ். அப்போதும் அவை சின்னச் சின்னச் சங்கங்கள். ஒரு ஊர், அந்த ஊருக்குத் தெரிந்த தலைவர். கணக்கில் பிழை என்றால் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் வைத்தே கேட்கலாம்.

1970களின் தொடக்கத்தில் அது மாறியது. சிறிய சங்கங்கள் பலவீனமாக இருக்கின்றன என்று ஆயிரக்கணக்கானவற்றை ஒன்றாக்கி, நானூறுக்கும் குறைந்த பெரிய சங்கங்களாக்கினார்கள். காரணம் பிழை என்று சொல்ல முடியாது. பல சங்கங்கள் உண்மையிலேயே நட்டத்தில் கிடந்தன. ஆனால் கூடவே, இயக்குநர் சபைக்கு அமைச்சர் ஆள் நியமிக்கும் வழியும் திறந்தது. சங்கம் உறுப்பினருடையது என்பது போய் அரசாங்கத்துடையது என்றானது. ஆட்சி மாறினால் தலைவரும் மாறுவார், விற்பனையாளரும் மாறுவார். பாணுக்கும் புடவைக்கும் வரிசை நீண்ட அந்தக் காலத்தில் சங்கக் கடையின் கதவைத் திறக்கிறவரிடம் இருந்த அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தபோது, சனங்கள் சங்கக் கடையை விட்டு விலகியதில் என்ன ஆச்சரியம்? தனதல்லாத ஒன்றுக்காக யார் அழுவார்?

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 1978 அளவில் கிரிவந்தெனிய என்பவர் பழைய சிக்கன, கடன் சங்கங்களைத் தூசு தட்டி எடுத்தார். அதுதான் இன்றைய சணச. கீழிருந்து கட்டிய ஒன்று நின்று பிடித்தது என்பதற்கு அது கண் முன்னே இருக்கிற சாட்சி.

இப்போது தும்பறைக்கு மறுபடியும் போகவேண்டும். பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. புதிய தெல்தெனியவும் திகனவும் மெனிக்ஹின்னவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 2018 மார்ச்சில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நம்மவர் கடையொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை என்று ஒரு வீடியோ. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு சொல்லும் முன்பே பேஸ்புக்கில் ஊர் ஊராகப் போய்விட்டது. தெல்தெனியவில் நமது இளைஞர்கள் சிலர் தாக்கியதில் ஒரு சிங்கள லொறிச் சாரதி இறந்தார். அதையும் மறைக்கக் கூடாது. அதன் பின் திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மெனிக்ஹின்னயிலும் கும்பல் இறங்கியது. 1906இல் அயலவர் ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் கொடுத்த அதே பள்ளத்தாக்கு.

வெறுப்புப் பதிவுகளை நீக்கச் சொல்லிப் பலர் பேஸ்புக்குக்கு முறையிட்டார்கள். சிங்களத்தில் எழுதியதை வாசித்து முடிவெடுக்க அங்கே போதிய ஆளில்லை. மார்ச் 7இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. ஒரு வாரத்துக்குப் பிறகுதான் முழுமையாகத் திறந்தது. பேஸ்புக் நிறுவனம் தனது பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில், இரண்டு வருடம் கழித்து. வெறுப்பை விட்டு வைத்ததும் நம்மைக் கேட்டு அல்ல, வாயைப் பூட்டியதும் நம்மைக் கேட்டு அல்ல. 2022 ஏப்ரல் 3இல், போராட்டம் சூடுபிடித்தபோது, மீண்டும் ஒருமுறை பூட்டினார்கள். சில மணித்தியாலங்களில் திறக்க வேண்டி வந்தது.

பிறகு 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 9ஆம் இலக்கம். எது பொய், எதை நீக்கவேண்டும் என்று சொல்ல ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. 108க்கு 62 என்று நிறைவேறியது. வெறுப்பால் எரிந்தவர்கள் நாம்தான், ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் 2020இல் பேஸ்புக்கில் எழுதிய ஒரு வசனத்துக்காக ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தரான முஸ்லிம் ஒருவர் ஐந்து மாதம் மறியலில் இருந்தார். வெறுப்புக்கு எதிராகப் பேனாவால் போராடுவோம் என்றுதான் அவர் எழுதியிருந்தார். வெறுப்புப் பேச்சைத் தடுக்கவென்று வந்த ஒரு சட்டத்தையே அவர் மீது பாவித்தார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. சட்டம் நல்லதா கெட்டதா என்பதை விட, அதை யார் கையில் கொடுக்கிறோம், அவரிடம் யார் கணக்குக் கேட்கலாம் என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

பேஸ்புக்கின் முதலாளியிடம் நாம் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் ஊர்க் குழு அட்மினிடம் கேட்கலாமே? பள்ளிவாசல் ஜமாஅத் பட்டியலில் நமது ஊரில் பெண்களின் பெயர் ஏன் இல்லை என்று கேட்கலாமே? 1931இல் மூத்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்தது வெள்ளைக்காரன். பேத்திக்கு நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். இதற்குச் சிலர் கோபிப்பீர்கள், பின்னூட்டத்தில் எழுதுங்கள், நீக்க மாட்டேன்.

சேகரிப்புக் கணக்குக் கேட்ட தம்பியை நேற்று இரவு குழுவில் மீண்டும் சேர்த்தேன். அவரிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். கணக்கு இந்த வாரம் குழுவில் போடப்படும்.

இன்னொன்று. நமது கூட்டுறவுக் கிளையின் பொதுக்கூட்டம் இரண்டு முறை கோரம் போதாமல் கலைந்தது. இரண்டு முறையும் நானும் போகவில்லை. கூட்டம் கூடாததால் பழைய குழுவே தொடர்கிறது, மூடிக்கிடக்கும் களஞ்சியக் கட்டடத்தை வாடகைக்குக் கொடுப்பது பற்றியும் பேச்சு அடிபடுகிறது. மூன்றாவது கூட்டம் வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு. வாப்பாவின் பெயரில் இருந்த உறுப்புரிமையை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் அதற்கு முன் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் புத்தகம் அலுமாரியில் கூப்பன் காலத்துக் கடதாசிகளோடு எங்காவது கிடக்கும். எனது வாப்பாவின் புத்தகம் அப்படித்தான், பழைய காணி உறுதிக்குள் மடிந்து கிடந்தது.