ஜமாதாரின் ஒரு ரூபாய்

1982 நவம்பரில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கியபோது நான் பள்ளி மாணவன். பத்திரிகையில் வந்த 'அப்பு' யானைக்குட்டியின் படத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டியது நினைவிருக்கிறது. அந்த யானைக்குட்டிக்குப் பின்னாலிருந்த வழக்கைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே வாசித்தேன்.

நேரு விளையாட்டரங்கு, வீரர்களுக்கான குடியிருப்பு, மேம்பாலங்கள் என யாவும் அவசர அவசரமாக எழுந்தன. கட்டியவர்கள் பிற மாநிலங்களிலிருந்து ஜமாதார்கள் மூலம் அழைத்துவரப்பட்ட ஏழைகள். (மலையகத்தின் கங்காணிமாரை அறிந்தவர்களுக்கு ஜமாதாரை விளக்கத் தேவையில்லை.) நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் தரகாகக் கழித்துக்கொள்வார். மிஞ்சியதோ சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே.

மூன்று சமூக ஆய்வாளர்கள் கட்டடத் தளங்களை நேரில் பார்த்து எழுதிய அறிக்கையுடன், மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் நீதியரசர் பகவதிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்ற அரசின் வாதம் எடுபடவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலைவாங்குவதும் அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரை தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, போட்டிக்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, செப்டெம்பர் 18 அன்று தீர்ப்பாயிற்று. பசியும் ஒருவகைப் பலவந்தமே என்பது அதன் சாரம். அந்தப் போட்டிகள் விட்டுச்சென்றவற்றுள் மேம்பாலங்களைவிடப் பெறுமதியானது இத்தீர்ப்பே என்பேன்.

2010 இல் அதே நகரில் பொதுநலவாய விளையாட்டுக்கள். அதே நேரு அரங்கு புதுப்பிக்கப்பட்டது. தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று அவ்வாண்டு டில்லி மேல்நீதிமன்றத்துக்கு ஒரு குழு மீண்டும் அறிக்கையிட்டது.