பேர்ஷியன் பூனையின் மூக்கு எங்கே போனது?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பிள்ளைகள் பூனை கேட்டு அடம்பிடிக்கிறார்கள் என்றால் ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற மாதம் மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பேர்ஷியன் பூனையைக் கண்டோம். முடி சடைபிடித்து, கண்ணால் நீர் வழிந்து, ஊர்ப் பூனைகளோடு மீன் தலைக்குச் சண்டைபிடிக்கத் தெரியாமல் மதிலோரம் குந்தியிருந்தது. யாரோ ஆசையாக வாங்கி, பிறகு அலுத்துப்போய் விட்ட பூனை. யார் வீட்டுப் பூனை என்று நாங்கள் விசாரிக்கவில்லை. நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். அதனால் அந்தப் பூனையின் வரலாற்றை மட்டும் சொல்கிறோம்.

17ஆம் நூற்றாண்டில் ரோம் நகரிலிருந்து கிழக்கு நாடுகளைச் சுற்றிப் பார்க்க வந்தவர் பியேத்ரோ தெல்லா வல்லே. ஷா அப்பாஸ் ஆண்ட பாரசீகத்தின் தலைநகர் இஸ்பஹானில் இருந்து 1620இல் எழுதிய கடிதத்தில் குராசான் பகுதிப் பூனைகளைப் பற்றிச் சொல்கிறார். இமாம் முஸ்லிம் பிறந்த நைசாபூர் இருக்கும் அதே குராசான்தான். உடலும் உருவமும் எங்கள் நாட்டுப் பூனை போலத்தான், அழகெல்லாம் சாம்பல் நிறத்திலும் பட்டுப் போன்ற நீண்ட முடியிலும்தான் என்பது அவர் சொன்னதன் சாரம். சில சோடிகளை ரோமுக்குக் கொண்டுபோகும் எண்ணமும் அவருக்கு இருந்தது.

கவனியுங்கள். முடி மட்டும்தான் வித்தியாசம். முகம் சாதாரணப் பூனை முகம். மூக்கு இருந்தது.

அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளில் பாரசீகத்திலிருந்தும் துருக்கியின் அங்காராவிலிருந்தும் போன நீண்ட முடிப் பூனைகள் ஐரோப்பியச் செல்வந்தர் வீடுகளில் கலந்தன. 1871 ஜூலையில் லண்டன் கிறிஸ்டல் பலஸில் ஹரிசன் வெயர் என்ற ஓவியர் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். எலி பிடிக்கும் பிராணி என்று மட்டும் பார்க்கப்பட்ட பூனையை மக்கள் மதிக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கண்காட்சி வந்தால் பரிசு வரும். பரிசு வந்தால், எது அழகு என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதியும் வருவார். 1887இல் அமைந்த தேசியப் பூனைக் கழகத்தின் முதல் தலைவரும் வெயர்தான். சில ஆண்டுகளிலேயே அவர் அதிலிருந்து விலகினார். பூனையின் நலனை விடப் பதக்கம்தான் அங்கே பெரிதாகிவிட்டது என்பது அவரது மனக்குறை.

பிறகு நடந்தது அவர் பயந்ததை விட மோசம். பேர்ஷியன் என்றால் வட்ட முகம் என்றார்கள். வட்டமான முகமுள்ளவற்றையே மீண்டும் மீண்டும் இணைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக அமெரிக்காவில், மூக்கு இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறிவிட்டது. முகம் தட்டையானதும் மூச்சுப் பாதை ஒடுங்கியது. கண்ணீர் போகும் குழாய் வளைந்து, நீர் கன்னத்தில் வழியத் தொடங்கியது. தாடையில் இடமில்லாமல் பற்கள் நெருங்கின. குட்டிகளின் பெரிய தலையால் பிரசவமும் கஷ்டமானது.

மடியில் அசையாமல் படுத்திருப்பதை நாம் “எவ்வளவு அமைதி” என்கிறோம். பேர்ஷியன் இயல்பிலேயே சாதுவான பூனைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில வேளை அந்த அமைதி, மூச்சுவிடக் கஷ்டப்படும் பூனையின் களைப்பு.

இன்னொரு விடயம் சிறுநீரகம். இந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. தாய் தந்தையில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு வரலாம். காரணமான மரபணுப் பிழையை 2004இல் கண்டுபிடித்தார்கள். இப்போது மரபணுப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. 2008இல் வெளியான மரபணு ஆய்வொன்றில், இன்றைய பேர்ஷியன் பூனைகள் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமானவை என்று தெரிந்தது. பெயர்தான் பாரசீகம்.

நம்மவர் வரலாற்றிலும் பூனை உண்டு. அபூ ஹுரைரா ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் பெயரிலேயே பூனைக்குட்டி இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்துச் சாப்பாடும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவின் ஆதரவற்ற பூனைகளுக்காக ஒரு தோட்டத்தையே வக்பு செய்தார். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், அந்தப் பூனைகளுக்குக் காழியின் பொறுப்பில் தினமும் உணவு போவதை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பூனைகளின் இனத்தையோ மூக்கையோ யாரும் பார்க்கவில்லை. பசியைத்தான் பார்த்தார்கள்.

அதனால் பேர்ஷியன் வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் இதைப் பாருங்கள்:

மூக்கு வெளியே தெரியும் குட்டியைத் தெரிவு செய்யுங்கள். “டோல் பேஸ்” என்று விற்பனையாளர்கள் சொல்வது அதைத்தான். குட்டி தூங்கும்போது குறட்டைச் சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். தாய் தந்தைக்குச் சிறுநீரகப் பரிசோதனை செய்ததா என்று கேளுங்கள். கேட்கிறவர் கூடினால்தான் விற்கிறவர் செய்வார். அந்த முடிக்கு ஒவ்வொரு நாளும் சீப்பு வேண்டும். நம் ஊர் வெக்கைக்குக் காற்றோட்டமான அறை வேண்டும். பூனையின் விலையோடு மிருக வைத்தியரின் செலவையும் கணக்கில் சேருங்கள். 15 வருடம்கூட வாழக்கூடிய உயிர் அது. இன்று கேட்கும் பிள்ளை அப்போது வீட்டில் இருக்காது, வாப்பாவும் உம்மாவும்தான் பார்க்க வேண்டிவரும்.

இதெல்லாம் முடியாது என்றால் வெட்கமில்லை. மதிலில் ஏறி வரும் நம் ஊர்ப் பூனைக்குட்டியும் சிறு வயதிலிருந்தே கையில் வளர்ந்தால் மடியில் தூங்கும்.

சந்தையில் கண்ட பூனை இப்போது எங்கள் வீட்டில். சடைபிடித்த முடியை மிருக வைத்தியர் வழித்துவிட்டார். மொட்டையாக நின்றபோது எங்கள் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சின்னவள் கேட்டாள்: “இதுக்கு ஏன் மூக்கில்ல?”

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.