பரிகாச உரை

பரிகாச உரை என்பது, சொற்பச் செலவில் அவசரமாக எடுக்கப்பட்டுக் கதையிலும் நடிப்பிலும் தொழில் நுட்பத்திலும் குறைகள் மலிந்த ஒரு திரைப்படம் (பெரும்பாலும் 'பி-படம்' எனப்படுவது) ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் வசனங்களுக்கு நடுவே வாய்க்கும் மௌனங்களில் வேடிக்கையான சொற்களை இட்டு நிரப்பி, படத்தையும் பேச்சையும் ஒருங்கே ரசிக்கச் செய்யும் கலையாகும். அமெரிக்கர் இதனை 'ரிஃபிங்' என்பர். மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில் 1988-இல் தோன்றிய 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியே இக்கலைக்கு நிலையான உருவம் தந்தது.

பி-படத்தின் தோற்றம்: 1930-களில் பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் பீடித்திருந்த காலத்தில், கொட்டகைக்கு வருவோர் தொகை குறைந்துபோகவே, ஒரே சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டும் வழக்கம் அங்கே வேரூன்றிற்று. பெயர்பெற்ற நடிகர்கள் தோன்றும் முதற்படத்துக்கு வசூலில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது. உடன்வரும் இரண்டாவது படமாகிய பி-படத்துக்கோ, முன்கூட்டியே நிச்சயித்த ஒரு வாடகை மாத்திரமே கிடைத்தது. படம் எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் அதனால் தயாரிப்பாளருக்கு ஒரு டாலர்கூட அதிகம் வாராதாகையால், லாபத்துக்கு இருந்த ஒரே மார்க்கம் செலவைச் சுருக்குவதுதான். சுமார் ஒரு மணி நேரமே ஓடும் நீளம், வேறொரு படத்துக்குப் போட்ட அரங்கிலேயே காட்சியை எடுத்துவிடுதல், நடிகர் தடுமாறினாலும் மறுமுறை எடுக்காமை, பழைய படச்சுருள்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டுதல் ஆகிய பி-பட லக்ஷணங்கள் யாவும் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவையே. மோனோகிராம், ரிபப்ளிக் முதலிய சிறு கம்பெனிகள் ஹாலிவுட்டில் 'வறுமை வரிசை' என்றே அழைக்கப்பட்டன.

பெரிய கம்பெனிகள் தமக்கெனக் கொட்டகைகள் வைத்துக்கொள்ளலாகாது என்ற நிலையை 1948-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தோற்றுவித்தபின், பழைய ஏற்பாடு மெல்லக் குலைந்தது. ஆயினும் பி-படம் என்ற பெயர் அழியாது, விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் பேய்ப்படங்களையும் மலிவாக எடுத்துத் திறந்தவெளிக் கொட்டகைகளுக்கு அனுப்பிய புதிய கம்பெனிகளின் சரக்குக்கு உரியதாயிற்று. இவர்களுள் தலைசிறந்த ராஜர் கார்மன், 1960-இல் வெளிவந்த 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்னும் படத்தின் முக்கியக் காட்சிகளை இரண்டே நாளில் எடுத்து முடித்தார்.

முன்னோடிகள்: கூத்தில் கட்டியக்காரன் நிற்பதுபோல் படத்துக்கும் பார்ப்போருக்கும் இடையே ஒருவர் நின்று பேசும் சம்பிரதாயத்தை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தொலைக்காட்சியில் 1954-இல் 'வாம்பைரா' என்ற வேஷத்தில் தோன்றிய மைலா நூர்மி பிரசித்தமாக்கினார். யூனிவர்சல் கம்பெனியின் பழைய திகிற்படங்கள் 52 கொண்ட ஒரு தொகுதி 1957-இல் தொலைக்காட்சி நிலையங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டதும், ஊருக்கு ஊர் இத்தகைய வேஷதாரிகள் தோன்றினர். எனினும் இவர்கள் பெரும்பாலும் படத்தின் இடைவேளைகளிலேயே பேசினர். கிளீவ்லாந்தில் 1963 முதல் 1966 வரை 'கூலார்டி' வேஷம் பூண்ட எர்னி ஆண்டர்சனோ, ஓடும் படத்தினுள்ளேயே தம் உருவத்தையும் குரலையும் நுழைத்தார். பரிகாச உரையின் பிதாமகர் என்று அவரைச் சொல்லுதல் தகும்.

மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000: நகைச்சுவை நடிகரான ஜோயல் ஹாட்ஜ்சன் வகுத்த இந்நிகழ்ச்சி, கே.டி.எம்.ஏ. என்னும் உள்ளூர் நிலையத்தில் 1988 நவம்பர் 24-ஆம் நாள் ஆரம்பமாயிற்று. பொல்லாத விஞ்ஞானிகள் ஒரு தொழிலாளியை விண்வெளிக்கு அனுப்பி, மோசமான படங்களைப் பார்க்கச் செய்து அவன் மனநிலையைப் பரிசோதிக்கின்றனர். அவன் தனிமை தாளாமல் கையிலிருந்த பொருள்களைக் கொண்டே இயந்திரத் தோழர்களைச் செய்துகொள்கிறான் என்பது கதை. அத்தோழருள் டாம் சர்வோவின் தலை ஒரு மிட்டாய் இயந்திரம். குரோவின் அலகு பிளந்த பௌலிங் கட்டை. திரையின் அடியில் கொட்டகை நாற்காலிகளின் நிழலும், அவற்றில் அமர்ந்த மூவரின் நிழலும் படம் முழுதும் தெரிந்துகொண்டே இருக்கும். வீட்டில் தனித்திருந்து பார்ப்பவரும் தமக்கு முன்வரிசையில் சிநேகிதர் மூவர் அமர்ந்திருப்பதாக உணரும்படி செய்த இந்த எளிய உத்தியே நிகழ்ச்சியின் உயிர்நாடி.

முதலில் ஒத்திகையின்றி வாய்க்கு வந்தபடி பேசப்பட்ட உரை, 1989-இல் நாடு தழுவிய கேபிள் ஒளிபரப்புக்கு மாறியபின் எழுதித் திருத்தப்படலாயிற்று. 1993-ஆம் ஆண்டுக்குரிய பீபாடி விருது இதற்குக் கிடைத்தது. அவ்வாண்டே ஹாட்ஜ்சன் விலக, தலைமை எழுத்தாளர் மைக்கேல் நெல்சன் அவ்விடத்தை ஏற்றார். நெல்சனின் பேச்சு கூரியது. எனினும் இக்கலையின் சுபாவத்துக்கு உகந்தது, அரைத்தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்போல் பேசும் ஹாட்ஜ்சனின் சாந்தமே ஆகும்.

வகைகள்: பரிகாச உரையை நான்காகப் பகுக்கலாம். பாத்திரத்தின் மூடிய வாய்க்குப் புதிய வசனம் கொடுப்பது முதல் வகை. ஒலிவாங்கியின் நிழல், பகலில் தொடங்கி இரவில் முடியும் உரையாடல் போன்ற பிழைகளைச் சுட்டுவது இரண்டாவது. பார்ப்போர் அறிந்த வேறு படம், பாட்டு, விளம்பரம் ஆகியவற்றை நினைவூட்டுவது மூன்றாவது. பின்னணி இசைக்குச் சொற்கள் கட்டிப் பாடுவது நான்காவது. இவற்றுள் முதல் வகையே உத்தமமானது. நால்வகைக்கும் மௌனம் இன்றியமையாததாகையால், ஓயாது பேசும் படமும், தானே சிரிக்க வைக்க முயலும் படமும் இதற்கு உதவா. தன் காரியத்தை மெய்யாக நம்பி, நிதானமாக நடந்து, தோற்றுப்போகும் படமே தக்கது.

அத்தகைய படத்துக்குச் சிறந்த உதாரணம் 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'. டெக்ஸஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் உர வியாபாரியாயிருந்த ஹெரால்டு வாரன், சுமார் 19,000 டாலர் செலவில் எடுத்து 1966-இல் வெளியிட்டது இது. அவரது காமிரா ஒரு முறைக்கு அரை நிமிஷமே ஓடக்கூடியது. அதில் ஒலி பதியாதாகையால் எல்லாப் பாத்திரங்களின் குரலையும் ஒரு சிலரே பிற்பாடு பேசிச் சேர்த்தனர். ஊரார் மறந்துபோன இப்படம் 1993 ஜனவரியில் நிகழ்ச்சியில் இடம்பெற்றதன் பின்னரே உலகறியப் பிரபலமாகி, மூலச்சுருள் கண்டெடுக்கப்பட்டுச் செம்மையாகப் புதுப்பிக்கவும் பெற்றது.

மதிப்பீடு: இது பிறர் உழைப்பைப் பழிப்பது என்பர் சிலர். பழிக்க விரும்புவோனுக்குப் படத்தைப் பாதியில் அணைத்துவிடுவதே சுலபம். உரை எழுதுவோரோ, எடுத்தவரும் மறுமுறை பார்க்க விரும்பாத படத்தைப் பன்முறை பார்த்து, அதன் ஒவ்வொரு மௌனத்தின் அளவையும் அறிந்தாக வேண்டும். அத்துணைக் கவனத்தை அப்படங்களுக்கு வேறெவரும் அளித்ததில்லை. ஆகவே இது அபிமானத்தின் ஒரு வகையே.

பிற்கால வரலாறு: நிகழ்ச்சி 1999-இல் நின்றது. நெல்சன் குழுவினர் 2006-இல் 'ரிஃப்ட்ராக்ஸ்' என்னும் பரிகாச உரை முயற்சியைத் தொடங்கினர். 2015-இல் ரசிகர் அளித்த 57 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நன்கொடையால் நிகழ்ச்சி மீண்டும் தயாராகி, 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது.