வரம் கேட்டவர்களும் வாளி தூக்கியவர்களும்

ஹைதராபாத் வந்த புதிதில் முஷீராபாத் பக்கம் வாடகை வீடு பார்க்கப் போனபோது ஆட்டோக்காரர் ஒரு பெரிய காம்பவுண்டைக் காட்டி "ஹெப்ரோன்" என்றார். சின்ன வயதில் எங்கள் ஆச்சி வாயில் கேட்ட பெயர். வீடு அமையவில்லை, பெயர் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

அதன் கதையைத் தேடிப் படிக்க வைத்தது வேறொரு விஷயம். இங்கே நம் ஊர்க்காரர்கள் கூடும் ஒரு ஜெபக் கூட்டத்தில் ஓர் அக்கா என் மனைவியிடம், "உங்களுக்கு அந்நியபாஷை வரம் கிடைச்சாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஒரு பார்வை. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்தான். ஊரில் என்றால் தாத்தா காலத்துக் கோயில், சித்தப்பா, மைனி என்று நாலு பேர் இருப்பார்கள். வெளியூரில் அந்தக் கூட்டம்தானே சொந்தபந்தம்? அங்கேயும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்றால் எங்கே போவது?

இந்த வரங்கள் எல்லாம் அமெரிக்க டிவி பிரசங்கிகள் கொண்டுவந்தவை என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசூசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906ல். அதற்கு 46 வருஷம் முன்பே, 1860ல், நம் திருநெல்வேலிச் சீமையில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் தரிசனங்களுமாக ஓர் எழுப்புதல் நடந்திருக்கிறது! அதன் நடுவே இருந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867).

பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர் அருளப்பன். இங்கிலாந்தில் பல் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு சேர்ந்தார். மிஷன் சம்பளம் வேண்டாம் என்பது இருவரின் கொள்கை. 1842ல் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கிக் குடியேறினார். எழுப்புதல் வந்தபோது மிஷனரிகள் ஒரே மாதிரி பேசவில்லை. சிலர் வெறும் உணர்ச்சி வேகம் என்றார்கள், சிலர் நல்லது நடக்கிறது என்றார்கள். எனக்குப் பிடித்தது பரவசம் அடங்கிய பிறகு நடந்தது. சாதாரண ஜனங்கள் சம்பளம் வாங்காமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்கள். அதுவரை அது மிஷனில் சம்பளம் வாங்கிய உபதேசியார் வேலை.

மறுபக்கமும் உண்டு. 1870களில் அதே அலை திருவிதாங்கூரில் எழும்பியது. அங்கே தமிழ் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த ஜஸ்டஸ் ஜோசப் என்ற குருவானவர், கிறிஸ்து 1881ல் வருவார் என்று அறிவித்தார். அந்த வருஷம் வந்தது, போனது. அவரை நம்பி நின்ற குடும்பங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இனி ஹெப்ரோன். பக்த்சிங் பஞ்சாபில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் 1903ல் பிறந்தவர். லண்டனிலும் கனடாவிலும் இஞ்சினியரிங் படித்தார். (நம்ம கேஸ்தான், வெளிநாட்டுப் படிப்பு!) 1929ல் கனடாவின் வின்னிபெக்கில் கிறிஸ்துவை ஏற்று, 1933ல் பம்பாயில் வந்து இறங்கினார். 1941ல் நண்பர்களோடு பல்லாவரம் மலையில் ராமுழுக்க ஜெபித்தார். அதே வருஷம் சென்னையில் யெகோவா ஷம்மா தொடங்கியது. 1950ல் ஹைதராபாத்தில் ஹெப்ரோன். தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் மொழிபெயர்ப்பாளரை வைத்தே பிரசங்கித்தார். 2000 செப்டம்பரில் இதே ஊரில் காலமானார். கடைசிவரை அவர் பெயருக்கு முன்னால் "சகோதரர்" மட்டும்தான். இன்றைய சுவரொட்டிகளில் இருக்கும் பட்டங்களை எண்ணிப் பாருங்கள்.

அவர் சபைகளில் பாய் விரித்துத் தரையில்தான் உட்காருவார்கள். ஆராதனை நேரத்தில் யாரும் வாய்விட்டு ஜெபிக்கலாம், சம்பளப் போதகருக்குக் காத்திருக்க வேண்டாம். மற்றொன்று சாப்பாடு. நாள்கணக்கில் நடக்கும் பரிசுத்த சபை கூடுகைகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலவச பந்தி. அரிசி புடைத்ததும் பரிமாறியதும் சபையாரே.

பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் நிருபம் 11ம் அதிகாரத்தில் சாப்பாட்டுச் சண்டை. முந்தி வந்தவர்கள் தின்று தீர்க்க, ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். அதை அடுத்து 12ல்தான் வரங்களின் பேச்சே வருகிறது. அந்தப் பட்டியலில் அற்புதம், பாஷை இவற்றோடு, நம் பழைய தமிழ் வேதாகமத்தில் "ஊழியங்கள்" என்று ஒரு வார்த்தை. மூல கிரேக்கத்தில் அதற்கு அர்த்தம் கைகொடுத்து உதவுவது. நாமோ ஊழியம் என்றால் மைக் பிடிப்பது என்று ஆக்கிவிட்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு இருவரும் ஹெப்ரோன் போனோம். தெலுங்குப் பிரசங்கம், பாதிதான் புரிந்தது. முடிந்து கிளம்பும்போது ஒரு பெரியவர் கையில் சாம்பார் வாளியோடு வழிமறித்து "போஞ்சேசி வெள்ளண்டி" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டுமாம். எந்த சபை, என்ன வரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்தோம். அடுத்த பந்திக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் குறைந்தது. என் மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு ஜக்கை எடுத்தாள்.