இரண்டாவது கையெழுத்து

ராமநாதபுரம் சீமையின் தேர்தல் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1937இல் தொடங்குவார்கள். சேதுபதி மன்னரை முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்த தேர்தல் அது. இந்தக் கடற்கரையில் பெண் ஒருத்தி தேர்தலில் நிற்பதன் கதையை எழுத வேண்டுமென்றால், இன்னும் எழுபது ஆண்டுகள் பின்னே போய், வாக்குப்பெட்டியே இல்லாத ஒரு வழக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராமநாதபுரம் ஜமீன்தாரை மணந்து, அவரை இழந்த ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். தத்தெடுக்கக் கணவர் அனுமதி எழுதிவைக்கவில்லை, ஆகவே தத்து செல்லாது, ஜமீன் அரசாங்கத்துக்கே சேரும் என்றார்கள் வெள்ளையர்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868இல் தீர்ப்பானது. தத்து செல்லும். ராணிக்குத்தான் வெற்றி. ஆனால் தீர்ப்பின் காரணத்தைப் படிக்க வேண்டும். கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும் திராவிட தேசத்து வழக்கப்படி அவருடைய பங்காளிகளின் சம்மதம் போதும் என்றது நீதிமன்றம். அந்தச் சம்மதம் எதற்கு? பெண்கள் சுயமாக முடிவெடுக்கும் திறன் அற்றவர்கள் என்ற அனுமானத்தினால். நம் ஊர்ப் பெயரைத் தாங்கி, சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு இது. வேலு நாச்சியார் பெயரைச் சொல்லாமல் இங்கே எந்த மகளிர் தின மேடையும் முடிவதில்லை. பர்வதவர்த்தனியை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. வாளைவிடப் பத்திரம் நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பது என் கட்சி.

சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை வந்தது, அதுவும் சொத்துள்ளவர்களுக்கு மட்டும். தேர்தலில் நிற்கும் உரிமை 1926இல்தான். அந்த ஆண்டே மங்களூரிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய் நின்றார். அவரை நிற்கச் சொல்லி வற்புறுத்தி, உடன் அலைந்து வேலை செய்தவர் மார்கரெட் கசின்ஸ். மிகக் குறைந்த வாக்குகளில் கமலாதேவி தோற்றார். அதே சமயத்தில் 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டுமென்று முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை முன்வைத்தது. மருத்துவத்தொழிலை விட்டு வரத் தயங்கிய அவரை இணங்க வைத்ததும் பெண்கள்தான். 1927இல் அவர் அந்த அவையின் துணைத்தலைவரானார். இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் பங்காளிகள் நிற்க வேண்டிய இடத்தில் சிநேகிதிகள் நின்றார்கள். படித்த, நகரத்து, வசதியான சிநேகிதிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கரைக்கு அந்தக் காற்று வர எழுபது ஆண்டுகள் ஆயின. 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு, 1996 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில்தான் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. 2016இல் அது பாதியாயிற்று. அந்தப் பாதி நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பர் தேர்தலில். ராமநாதபுரம் மாவட்டத்தின் 429 ஊராட்சிகளில் பாதியில் பெண் தலைவர்கள்.

ஊராட்சித் தலைவருக்கு மேலே ஒரு பழைய சபை உண்டு, சட்டத்தில் இல்லாத சபை. எங்கள் மீனவ ஊர்களில் ஊர்க்கூட்டத்துக்குத் தலைக்கட்டுக் கணக்குதான் அடிப்படை. திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வரி அவன் பெயரில், பேச்சும் அவனுக்கு. கணவனை இழந்தவளுக்குச் சில ஊர்களில் வரி பாதி; பேச்சில் அந்தப் பாதியும் கிடையாது. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் எந்தப் பெண் நிற்பது என்பதை, ஒரு பெண்கூட இல்லாத இந்தக் கூட்டம் முடிவு செய்யும். 1868இன் பங்காளிச் சம்மதம் வேட்டி கட்டிக்கொண்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

இதே ஊர்களில்தான் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள். தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவானதிலிருந்து வனத்துறையோடு அவர்களுக்கு ஓயாத வழக்கு. மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது, பாசி வளரும் காலத்தில் தொடுவதில்லை என்று தங்களுக்குள் விதி வகுத்துக் காத்தவர்களும் அவர்களே. அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் ஸீகாலஜி என்ற பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. கடலுக்குச் சட்டம் போடத் தெரிந்த பெண்களுக்குக் கரையில் தலைக்கட்டு இல்லை.

அப்படிப்பட்ட பெண் ஒருவர் என் மாணவியின் தாய். 2019இல் அவர் ஊரில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்க்கூட்டம் விசைப்படகுக்காரர் ஒருவரின் மனைவியை முடிவு செய்துவிட்டது. பாசிக்காரப் பெண்கள் இவரைத் தலைவருக்கு நிற்கச் சொன்னார்கள். இவர் வார்டு உறுப்பினருக்குத்தான் நிற்பேன் என்றார். ஏன் அக்கா என்று கேட்டேன்.

"செக்குல ரெண்டு கையெழுத்து டீச்சர். ஒண்ணு தலைவி, இன்னொண்ணு துணைத்தலைவரு. தலைவி சேருக்குப் போட்டி போடுறவுக நெறைய. அந்த ரெண்டாவது கையெழுத்து எனக்கு வேணும்."

அரசியல் விஞ்ஞானம் படித்தவர்கள் பலருக்குத் தெரியாத இடம் அது. தமிழ்நாட்டில் ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இட ஒதுக்கீடு இல்லை. பெண்ணையோ தலித்தையோ தலைவராக உட்கார வைத்த ஊர், துணைத்தலைவர் நாற்காலியில் தன் ஆளை வைத்துவிட்டால் போதும். குழாய்க்கும் தெருவிளக்கிற்கும் பணம் எடுக்க அவன் சம்மதம் வேண்டும். பிரிவி கவுன்சில் தீர்ப்பை அச்சடித்துக் காசோலைப் புத்தகமாகத் தைத்தது போல.

வைப்புத்தொகை சில நூறு ரூபாய்தான். அதைப் பாசிக்காரப் பெண்கள் பத்தும் இருபதுமாகச் சேர்த்தார்கள். நோட்டீஸ் அடிக்க, ஆட்டோ வைக்க அதைப்போலப் பல மடங்கு தேவைப்பட்டது; ஒரு மகளிர் குழு கடன் தர மறுத்தது, இன்னொன்று தந்தது. அமெரிக்காவில் 1985இல் எல்லன் மால்கம் என்பவர் பெண் வேட்பாளர்களுக்கு முதலிலேயே பணம் திரட்டிக் கொடுக்க எமிலிஸ் லிஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். எமிலி என்று யாரும் இல்லை. முன்கூட்டி வரும் பணம் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் போன்றது என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள் அவை. அடுத்த ஆண்டே அதன் ஆதரவோடு பார்பரா மிகுல்ஸ்கி செனட்டுக்குப் போனார். நம் வீட்டுக் கணக்கில் அது உறைமோர். ஒரு கரண்டி போதும், ஆனால் இரவே ஊற்ற வேண்டும். வென்ற பிறகு போடும் பொன்னாடைக்கு அந்தக் குணம் கிடையாது.

அவர் வார்டில் வென்றார். 2020 ஜனவரி 11 அன்று நடந்த மறைமுகத் தேர்தலில் துணைத்தலைவருக்கு நின்று இரண்டு வாக்கில் தோற்றார். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். எந்தப் பெண் மாற்றிப் போட்டார் என்பது இன்றுவரை தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. "புருசன் வாசல்ல நிக்கிறப்ப அவ என்ன செய்வா" என்றதோடு சரி.

சம்மதத்தின் பேரில் நிற்பவர்களைப் பொம்மை என்று ஒதுக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கவிஞர் சல்மா 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானது, அந்த இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் குடும்பம் அவரை நிறுத்தியதால்தான். வீட்டுக்குள் மறைந்து, புனைபெயரில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். பங்காளிகள் திறந்த கதவுதான். அதன் வழியே வெளியே வந்தவர் அவர்கள் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. 2006இல் மருங்காபுரி சட்டமன்றத் தொகுதியில் தோற்றார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். இடையில் பத்தொன்பது ஆண்டுகள். தோற்ற பெண்ணை ஒரு கட்சி இத்தனை காலம் கைவிடாமல் வைத்திருப்பது அரிது.

பாராளுமன்றத்துக்கு 2004இல் ராமநாதபுரம் பவானி ராஜேந்திரனை அனுப்பியது. 2009இல் அதே கட்சி அந்த இடத்தில் நடிகர் ரித்தீஷை நிறுத்தியது. மாவட்டத்தின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளிலும் 2011, 2016, 2021 தேர்தல்களில் வென்ற பன்னிரண்டு பேரும் ஆண்கள். 2021இல் மாநிலம் முழுக்க 234 பேரில் பெண்கள் 12. மூன்றில் ஒரு பங்கு தரும் 106ஆவது திருத்தம் 2023இல் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

வென்றவர்களுக்கும் துணை வேண்டும். மதுரை வில்லாபுரத்தில் தண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி, வென்ற ஆறே மாதத்தில், 1997 ஏப்ரலில் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, தலித் பெண், 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். வேட்புமனுவில் முன்மொழியக் கையெழுத்திடும் சிநேகிதி, ஐந்து ஆண்டுகளும் அந்தப் பெண் இரவில் வீடு திரும்பும் தெருவில் உடன் நடக்க வேண்டியிருக்கிறது.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. என் மாணவியின் தாய் அந்த மாதமே சீட்டு ஒன்று தொடங்கினார், மாதம் நூறு ரூபாய், பாசிக்காரப் பெண்கள் மட்டும். இந்த முறை தலைவர் பதவி பொதுவுக்குப் போனாலும் நிற்பதாகச் சொல்கிறார். தன் பக்கத்தில் வார்டுக்கு நிற்க இன்னும் நான்கு பெண்களைத் தயார் செய்கிறார். துணைத்தலைவர் தேர்தல் விதிகளை எளிய தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருக்கிறார். நான்கு பக்கம் எழுதியாகிவிட்டது.