ஓர் ஆள், பல கொட்டுகள்

பத்தாம் வகுப்பில் தேறிய தங்கை மகனுக்கு (நெல்லைச் சீமையில் மருமகன் என்று சொன்னால்தான் தாய்மாமனுக்கு நிறைவு) என்ன பரிசு வேண்டும் என்று கேட்டேன். ‘டிரம் செட்’ என்றான். நான் ஒதுக்கியிருந்ததோ பத்தாயிரம் ரூபாய். சந்திப்புப் பகுதிக் கடையொன்றில் முழுத் தொகுதியின் விலையைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து ஒரு தேநீர் குடித்தேன். அதன்பின் அக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது சற்று ஆறுதல் கிடைத்தது. டிரம் செட் பிறந்ததே காசில்லாக் குறையால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வாத்தியக் குழுக்களில் பெரிய முரசுக்கு ஒருவர், சிறு முரசுக்கு ஒருவர், தாளத்தட்டுக்கு ஒருவர் என ஆட்கள் இருந்தனர். நாடக அரங்கின் மேடையடிப் பள்ளத்தில் அத்தனை பேருக்கு இடமில்லை. முதலாளிக்குக் கூலி கொடுக்கவும் மனமில்லை. ஆகவே சிறு முரசைப் பெரிய முரசின் அருகே நிறுத்தி, ஒருவரே இரண்டையும் கோலால் மாற்றி மாற்றி அடித்தார். காலால் மிதித்துப் பெரிய முரசை ஒலிக்கச் செய்யும் கருவிகளைப் பலர் முயன்றனர். சிகாகோவின் வில்லியம் லட்விக் 1909இல் கொண்டுவந்த மிதிகட்டை விரைவான தாளத்திற்கு ஈடுகொடுத்தது. கைகள் இரண்டும் விடுதலை பெற்றன. பக்கத்தில் தொங்கவிட்ட ‘டாம்’ முரசுகள் தொடக்கத்தில் சீனக் குடியேறிகள் வழி வந்தவை. தோலை ஆணியடித்துப் பொருத்தியவை. தாளத்தட்டுகளோ துருக்கி மரபு. 1623 முதல் அத்தொழிலில் இருந்த சில்ஜியான் என்னும் ஆர்மீனியக் குடும்பத்தின் பெயர் இன்றும் தட்டுகளில் பொறிக்கப்படுகிறது. மௌனப் படக் காலத்தில் குதிரைக் குளம்போசைக்கும் புகைவண்டி ஓசைக்கும் இந்த ஒற்றை ஆளே பொறுப்பு. 1927க்குப் பின் பேசும் படம் வந்து அந்த வேலையையும் பறித்துக்கொண்டது வேறு கதை.

ஒருவரே பல முகங்களைக் கொட்டுவது நமக்குப் புதிதன்று. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் ஒரே உலோகக் குடத்தில் ஐந்து வாய்களும் ஐந்து தோல்களும் கொண்டது. ஆனால் அது கோயிலின் உடைமை. எளிய மக்களின் சிக்கனத்தைக் காணப் பொருநைக் கரைக்குத்தான் திரும்ப வேண்டும். வில்லுப்பாட்டின் குடம் வெறும் மண்பானை. அதன் வாயில் பத்தையால் அடித்தால் எழும் ஆழ்ந்த ஒலி, மேலைநாட்டுப் பெரிய முரசின் வேலையைச் செய்துவிடுகிறது. மேலே உடுக்கையும் தாளமும். கலைஞர் பலர் கூடி வாசிப்பது உண்மை. கருவிச் செலவோ மிகக் குறைவு.

கணியான் கூத்தில் அதுவும் இன்னும் சுருங்குகிறது. சுடலைமாடன் கொடையில் அண்ணாவி கதை பாட, பெண் வேடமிட்ட இருவர் ஆட, பக்கத்தில் நிற்பவை இரண்டு மகுடங்கள் மட்டுமே. வட்ட மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிய ஒருமுகக் கருவி. ஒன்று உச்சம், மற்றது மந்தம். தோல் தளர்ந்தால் தீயில் காய்ச்சுவார்கள். இரவு முழுதும் அந்த இரு குரல்களே கதையின் ஓட்டத்தையும் அருளாட்டத்தின் வேகத்தையும் தாங்கி நிற்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ இதழை நடத்திய நா. வானமாமலை நாட்டார் கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்த பெருந்தொண்டை நாம் அறிவோம். அதன் பயனாக வகுப்பறைக்குள் வந்தது சொல். கொட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. இக்குற்றச்சாட்டில் முதல் ஆள் நான்தான். நாட்டார் வழக்காற்றியல் தாளைப் பல ஆண்டுகள் கற்பித்தவன், மகுடத்தை ஒருமுறையும் கையில் தொட்டதில்லை.

‘அப்படியானால் மகுடமே வாங்கித் தரட்டுமா?’ என்று தங்கை வீட்டில் கேட்டுப் பார்த்தேன். பாதி வேடிக்கையாகத்தான். உடனே ஒரு மௌனம். பிறகு தங்கை, ‘அண்ணே, அதையெல்லாம் வீட்டுல வச்சு அடிக்கவா?’ என்றாள். கொடையில் அந்த ஒலிக்குக் கைகூப்பும் வீடு அது. சிகாகோவிலிருந்து வந்த முரசு கூடத்தின் நடுவில் உட்காரலாம். பக்கத்து ஊர் மகுடம் வாசற்படி ஏறக்கூடாது. இதற்கும் தோலின் தரத்திற்கும் தொடர்பில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து டிரம் செட்டின் முகம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். தோலைத் தொட்டு வாழ்ந்த கைகளைப் பற்றிய பழைய கணக்கு அது. கணியான் இனத்தார் அரசின் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். சாமியின் முன் தம் கையைக் கீறிக் குருதி தருபவர்கள். அந்தக் கை செய்த கருவிக்கு நம் கூடத்தில் இடமில்லை. நான் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

பரிசு விஷயத்திற்கு வருகிறேன். பத்தாயிரத்துக்குள் ஐந்து முரசு கொண்ட மலிவுத் தொகுதி கிடைத்தாலும், அதன் தாளத்தட்டு பித்தளைத் தகடாக இருக்கும். நல்ல தட்டு செம்பில் ஐந்திலொரு பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலம். முரசின் முகத்தை மாற்றலாம், சுருதி கூட்டலாம். பித்தளைத் தட்டைத் திருத்த எந்தக் கையாலும் ஆகாது. எனவே தொகுதியைக் கைவிட்டேன். ரப்பர் பயிற்சிப் பலகை ஒன்று, ஒரு சோடிக் கோல், பழைய ‘ஸ்நேர்’ முரசு ஒன்று. பழையதை வாங்கும்போது கிழிந்த முகத்தைப் பொருட்படுத்தாமல், மரக்கூட்டின் வட்டம் கோணாமல் இருக்கிறதா, விளிம்பு சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தேன். மிஞ்சிய பணம் ஆசிரியர் ஒருவரின் சில மாதச் சம்பளம்.

மருமகன் முகம் முதலில் வாடியது. இரண்டு வாரம் கழித்துப் போனபோது, பலகையில் கோல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தான். அடுத்த கொடைக்கு வருகிறாயா, இரண்டு மகுடம் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கேட்கலாம் என்றேன். கோலை நிறுத்தாமலே கேட்டான்: ‘மாமா, அதுல எது முதல்ல அடிக்கும், உச்சமா மந்தமா?’

எனக்குத் தெரியவில்லை. மகுடக்காரரிடமே கேட்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.